ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் கெத்து

இன்றைக்கு டயர் பற்றி எழுதப் போகிறேன். டயரில் எழுத என்ன இருக்கிறது, கறுப்பாக இருக்கும், உருளும், பஞ்சராகும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் தயவுசெய்து பாதியில் எழுந்து ஓடிவிடாதீர்கள். வருடத்துக்கு நாலு தடவை ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாக ஊருக்குப் போய்த் திரும்பும் ஜாதி நாம். இந்த விஷயம் உங்கள் வீட்டு வாசலிலும் நின்றுகொண்டிருக்கலாம்.

போன ஞாயிறு ஜாலஹள்ளி கிராஸ் பக்கம் காய்கறி வாங்கப் போயிருந்தேன். சிக்னலில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். பின்னால் கொக்கியில் ஒரு ஏர் கம்ப்ரஸர் டிரெய்லர். பிக்கப்பின் டயர் ஒவ்வொன்றும் டிராக்டர் டயருக்குத் தம்பி மாதிரி மட்கார்டை உரசிக்கொண்டு நின்றது. டிரெய்லரின் டயர்களோ எந்தக் காலத்துக் காரிலிருந்தோ கழற்றி மாட்டியவை. பட்டன் முழுக்கத் தேய்ந்து வழுக்கை. பக்கத்தில் நின்ற இரண்டு கல்லூரிப் பையன்கள் பிக்கப்பைப் படம் பிடித்தார்கள். "மச்சி, செம கெத்துடா" என்றான் ஒருவன். (தமிழ்தான். பீன்யாவில் வேறென்ன கேட்கும்!)

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. டிப்ளமோ முடித்து, பீன்யா செகண்ட் ஸ்டேஜில் ஒரு பட்டறையில் லேத் பிடிக்க வந்தவன், இப்போது வேறொரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். நாள் முழுக்க மைக்ரோமீட்டரோடு வாழ்க்கை. ஒரு பீஸ் பத்து மைக்ரான் கூடியிருந்தால் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போடுகிறவன். ஆபரேட்டர் கெஞ்சுவான், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்பான். மாட்டேன். அந்த விஷயத்தில் எனக்கு நல்ல கெட்ட பெயர் உண்டு.

என் மச்சினன் அதே பீன்யாவில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறான். கல்யாணம், கோயில் கொடை, கட்டட வேலை, கரண்ட் போன சின்னப் பட்டறை என்று எங்கே கூப்பிட்டாலும் டிரெய்லரில் ஏற்றிய ஜெனரேட்டர் போகும். மொத்தம் 1,300 கிலோ. இழுத்துப் போக ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். ஃபோர் வீல் டிரைவ் வாங்கியதில் தப்பில்லை. வயலை வெட்டிப் பந்தல் போட்டிருப்பார்கள், மழை பெய்திருக்கும், சாதா வண்டி புதைந்துவிடும். தேவை பார்த்துத்தான் வாங்கினான்.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு நாள் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம்.

"அத்தான், வெளிய வாங்க. டயர் மாத்திட்டேன், பாருங்க."

பார்த்தேன். கம்பெனியில் வந்தது 245/70 ஆர் 16. இவன் போட்டிருந்தது 265/75 ஆர் 16. வண்டி ஆளே மாறியிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. என் பையன் ஏறி உட்கார்ந்து இறங்கவே மாட்டேன் என்றான். "எப்படித்தான் இருக்கு அத்தான்?" என்று கேட்டான் மச்சினன்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றேன்.

இந்த மூன்று வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆடி மாதம் சேலம் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் போனது. ஓட்டியது தருமபுரிப் பையன், வயது இருபத்து நாலு. கூட ஒரு உதவியாள். ராத்திரி பதினொன்றரைக்குத் தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி வரிசையாகக் கார்களை இடித்து நசுக்கிய இடம். 2024 ஜனவரியில் மறுபடி ஒரு கோர விபத்து நடந்த இடம். பாதி இறக்கத்தில் பிரேக் கருகும் வாசனை வந்திருக்கிறது. அடுத்த வளைவில் பெடல் மெத்தென்று உள்ளே போயிருக்கிறது. பையன் பதறாமல் மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று இறக்கி, இடது ஓரத் தடுப்பில் வண்டியை உரசியே நிறுத்தியிருக்கிறான். பின்னால் வந்த ஜெனரேட்டர் மடங்கித் திரும்பி பிக்கப்பின் பக்கவாட்டில் மோதியது. உதவியாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்தது ஒரு டிராவலர் வேன், உள்ளே ஒரு குடும்பம். அவர்களுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

மறுநாள் காலை ஷெட்டில் எல்லாரும் கூடிப் பேசியது என்ன தெரியுமா? "டிரைவர் சரியில்லை." "சின்னப் பையன், வேகமா வந்திருப்பான்." "நியூட்ரல்ல விட்டிருப்பான்." மச்சினன் சொன்னான், கணக்குப் பிள்ளை சொன்னார், டயர் கடைக்காரரும் டீ குடித்துக்கொண்டே சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். அதை இங்கே தருகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான்.

245/70 ஆர் 16 என்றால், டயரின் அகலம் 245 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 171.5. ரிம் 16 அங்குலம், அதாவது 406.4. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம். கூட்டினால் வெளி விட்டம் 749 மில்லிமீட்டர். அதே மாதிரி 265/75 ஆர் 16க்குப் போட்டால் 804. வித்தியாசம் 55 மில்லிமீட்டர். ஏழு சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல்.

பத்து மைக்ரானுக்குப் பீஸை ஒதுக்குகிறவன், ஐம்பத்தைந்து மில்லிமீட்டரைப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்றிருக்கிறேன்.

ஏழு சதவீதம் என்ன பெரிய விஷயம் என்பீர்கள். பார்ப்போம்.

முதலில் வேகம். முள்ளுக்கு டயர் மாறியது தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து அது சொல்லும். பழைய டயரில் 60 என்று காட்டிய அதே இடத்தில் இப்போது வண்டி 64க்கு மேல் போகிறது. வேகம் 7 சதவீதம் கூடினால் வண்டிக்குள் இருக்கும் இயக்க ஆற்றல் 7 கூடாது, 15 சதவீதம் கூடும். வேகத்தின் வர்க்கம் அது.

அடுத்து பிரேக். டிஸ்க் அதே டிஸ்க், பேட் அதே பேட். ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டது. நீளமான கம்பியின் நுனியைப் பிடித்து ஆட்டுகிறவனை, அடியில் பிடித்து நிறுத்துவது கஷ்டம் இல்லையா, அதே கதை. ஒரே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்து விசை சுமார் 7 சதவீதம் குறைகிறது.

இரண்டையும் பெருக்குங்கள். முள் அதே 60, காலின் அழுத்தமும் அதே. நிற்கும் தூரம் 23 சதவீதம் கூடுகிறது. 30 மீட்டரில் நின்றது இப்போது 37 மீட்டரில் நிற்கும். அந்த ஏழு மீட்டரில் ஒரு காரும் அதற்கு முன்னால் ஒரு ஆட்டோவும் நிற்கலாம். டயர் பெரிதானால் கனமும் கூடும், அதைச் சுழற்றவும் நிறுத்தவும் தனிச் செலவு. அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிச்சாப் போச்சு" என்பார்கள். சமதரையில் சரி. இறக்கத்தில் அழுத்தி மிதிப்பதெல்லாம் சூடாகத்தான் போய்ச் சேரும். பேட் கருகுவது, பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் மெத்தென்று இறங்குவது எல்லாம் அதன் விளைவு. போதாததற்கு எஞ்சின் பிரேக்கும் குறைந்துவிட்டது. அதே கியரில், அதே வேகத்தில் எஞ்சின் இப்போது ஏழு சதவீதம் மெதுவாகச் சுற்றுகிறது, சக்கரத்தில் அதன் பிடியும் அந்த அளவு குறைவு. ஏற்றத்தில் "வண்டி இழுக்க மாட்டேங்குது, கிளட்ச் நாறுது" என்று புகார் வருவதற்கும் இதுதான் காரணம். கியர்பாக்ஸைத் தொடாமலே எல்லா கியரையும் கொஞ்சம் கொஞ்சம் மேலே தள்ளி வைத்துவிட்டோம்.

இப்போது கொக்கியில் 1,300 கிலோவை மாட்டுங்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. பிக்கப் ஆளோடு 2,000 கிலோ என்று வைத்தால், அதன் பிரேக் 3,300 கிலோவை நிறுத்த வேண்டும். 65 சதவீதம் கூடுதல் வேலை. அந்தப் பிரேக்கின் கையைத்தான் நாம் டயரால் முறுக்கி வைத்தோம்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். எல்லாம் நான் காதால் கேட்டவை.

முதல் வாதம்: "பெரிய டயர் அதிக எடை தாங்கும்." தாங்கும், பெரும்பாலும் உண்மை. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதுதான் லோட் இண்டெக்ஸ். 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ, 111 என்றால் 1,090, 116 என்றால் 1,250. பெரிய டயரில் இந்த எண் கூடியிருக்கலாம். ஆனால் அச்சு மாறியதா? ஸ்பிரிங் மாறியதா? பேரிங், பிரேக் எதாவது மாறியதா? பெரிய செருப்பு போட்டவன் பெரிய மூட்டை தூக்கிவிட முடியாது. அதோடு, எடை தாங்க விரும்பினால் அதே அளவிலேயே கூடுதல் லோட் இண்டெக்ஸ் உள்ள டயர் கிடைக்கிறதா என்று கேட்டிருக்கலாமே. பல அளவுகளில் கிடைக்கும். யாரும் கேட்பதில்லை. அந்த எண் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, படத்திலும் விழாது.

இரண்டாவது: "சேத்துல புதையாம இருக்கணும்ல." டயர் 55 மில்லிமீட்டர் உயர்ந்தால் அச்சு உயர்வது அதில் பாதி, 27 மில்லிமீட்டர். ஒரு பெருவிரல் அகலம். அந்தப் பெருவிரலுக்காக வருஷத்தில் பத்து நாள் சேறு, மிச்ச நாளெல்லாம் தார் ரோட்டில் அவஸ்தை. சேற்றில் உதவுவது பட்டனின் அமைப்பும், காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டி வெளியே வந்ததும் திரும்ப ஏற்றும் பொறுமையும். அதே அளவில் ஆல் டெரெய்ன் டயர் போட்டால் வேலை முடிந்தது. இன்னொன்று, வண்டி உயர்ந்தால் கொக்கியும் உயரும், டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கும், எடை பின்னால் சாயும். இரண்டு சக்கர டிரெய்லர் வேகத்தில் வாலாட்டுவதற்கு அதைவிட வேறு அழைப்பிதழ் வேண்டாம்.

மூன்றாவது வாதம் என் பெரியப்பா மகனுடையது, ஆஸ்திரேலியாவில் இருந்து. "இங்க எல்லாரும் பெரிய டயர் போட்டுத்தான்டா கேரவன் இழுக்குறான்." இழுக்கிறான்தான். ஆனால் அந்த நாட்டில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், கொக்கி கழன்றால் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு என்று போகும். ஐரோப்பாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. ஆஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதித் தொகுப்பு ஃபோர் வீல் டிரைவ் வகைக்கு டயர் விட்டத்தில் 50 மில்லிமீட்டர் வரை இடம் கொடுக்கிறது, அதற்கு மேல் போனால் பொறியாளர் சான்று, கேள்வி, பதில். நம்ம மச்சினனின் 55 அங்கேயும் தேறாது! அவர்கள் டயரைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம், டிரெய்லர் பிரேக்கைப் பார்க்கவில்லை. பாதிப் பாடம் படித்தவன் படிக்காதவனைவிட ஆபத்து.

நான்காவது, எல்லாவற்றுக்கும் மேலான வாதம்: "இத்தனை பேர் போட்டிருக்கான், என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே."

இதை பீன்யாவில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவர்களைத்தான் நான் ரசிக்கிறேன். வெளியே வந்து தலையைத் தூக்கிப் பாருங்கள். தும்கூர் ரோட்டு மேம்பாலம் நிற்கிறது. 2010ல் திறந்தார்கள். பதினோரு வருஷம் லாரியும் பஸ்ஸும் ஓடின, ஒன்றும் ஆகவில்லை. 2021 டிசம்பரில் தூண்களுக்கிடையே உள்ளே இழுத்துக் கட்டியிருந்த கேபிளில் பழுது என்று மூடினார்கள். 2022 பிப்ரவரியில் சின்ன வண்டிகளுக்கு மட்டும் திறந்தார்கள். கனரக வண்டிகள் திரும்ப ஏற 2024 ஆகிவிட்டது. அத்தனை நாள் கீழே நாம் பட்ட பாடு, எட்டாவது மைலில் நின்ற ஒவ்வொருவனுக்கும் தெரியும். கீழே இருந்து பார்த்தபோது பாலம் அப்படியே கம்பீரமாகத்தான் இருந்தது. எடை தாங்கும் எந்தப் பொருளும் வெளியே நன்றாகத்தான் இருக்கும், பழுது உள்ளே இருக்கும். "ஒண்ணும் ஆகலையே" என்பது அளவீடு இல்லை. இன்னும் அளக்கவில்லை என்பதற்கு இன்னொரு பெயர்.

டயரிலேயே உதாரணம் வேண்டுமா? 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து வந்தது, வண்டிகள் உருண்டன, இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். டயர்க்காரர் வண்டிக்காரரைச் சொன்னார், வண்டிக்காரர் டயர்க்காரரைச் சொன்னார். அந்தச் சண்டையில் பெரிதாக அடிபட்ட ஒரு விஷயம் காற்று. வண்டிக்காரர் சொன்ன அளவு 26 பிஎஸ்ஐ, டயர்க்காரர் பிறகு வைக்கச் சொன்னது 30. நாலே நாலு பிஎஸ்ஐ. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும், மடங்க மடங்கச் சூடு, சூட்டில் உள்ளே ஒட்டு விடும். பாரமும் வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம்ம ஊர் ஏப்ரல் மாதத்தில் கிருஷ்ணகிரி ரோட்டில் ஓரமாகக் கிடக்கும் டயர் தோல்களை எண்ணிக்கொண்டே போங்கள், புரியும்.

அப்படியானால் இழுவை வண்டிக்கு என்ன டயர்தான் போடுவது? திட்டிவிட்டு மட்டும் போனால் அது மொக்கை. சொல்கிறேன்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டியில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். அதில் உள்ள அளவுதான் அளவு. ஒரே வண்டிக்குக் கம்பெனியே இரண்டு அளவு கொடுத்திருந்தால் இரண்டில் எதையும் போடலாம். அந்த இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் கம்பெனிக்காரனின் பயம் தெரியும். ஃபார்ச்சூனருக்கு 265/65 ஆர் 17ம் உண்டு, 265/60 ஆர் 18ம் உண்டு. ரிம் ஒரு அங்குலம் மாறியும் வெளி விட்டம் 776க்கு 775. ஒரே ஒரு மில்லிமீட்டர். 2020ல் வந்த தாருக்கு 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18. 774க்கு 789. இரண்டு சதவீதம். வண்டியைப் படைத்தவனே இரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. ரோட்டோரக் கடையில் டீ குடிக்கிற நேரத்தில் நாம் ஏழு தாண்டுகிறோம்.

அளவை மாற்றாமல் லோட் இண்டெக்ஸைப் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ளதைவிட ஒரு எண்கூடக் குறையக் கூடாது, இழுக்கிற வண்டிக்குக் கூடினால் நல்லது. கொக்கியில் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு வைப்பார்கள். 1,300 கிலோவுக்கு 130. அந்த 130 பின் அச்சில் 130 ஆக மட்டும் விழாது. கொக்கி பின் அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால், சக்கரங்களுக்கு இடையே 3.1 மீட்டர் என்றால், ஏற்றப் பலகை மாதிரி பின் அச்சில் 182 கிலோ கூடும், முன் அச்சில் 52 கிலோ குறையும். ஸ்டீயரிங்கும் பெரும்பாலான பிரேக்கும் இருப்பது முன்னால், அது லேசாகிறது. பாரம் எல்லாம் பின் டயரில். அதனால் பின் டயருக்குப் பாரத்தோடு ஓட்டும்போது என்ன காற்று என்று ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருப்பார்கள். அதை வையுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். லைட் டிரக் வகைக் கெட்டி டயருக்கு மாறினால் பழைய காற்றையே வைக்காதீர்கள். அதே எடையைத் தூக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும்.

ஐந்தும் ஒரே அளவு. ஐந்து என்றால் ஸ்டெப்னியும் சேர்த்து. மச்சினன் நாலைத்தான் மாற்றினான், ஸ்டெப்னி பழையது. பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்கு 425 சுற்று, புதியது 396. ஒரு சக்கரத்தில் மட்டும் ஸ்டெப்னி போட்டு ஃபோர் வீலைப் பூட்டித் தார் ரோட்டில் ஓட்டினால், அந்த வித்தியாசம் போக்கிடம் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முறுக்கேறும். பல்லை உடைக்காமல் விடாது.

டிரெய்லரின் டயரும் டயர்தான் ஐயா. அதற்கும் லோட் இண்டெக்ஸ் உண்டு, வயதும் உண்டு. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35வது வாரம் பிறந்தது. சட்டப்படி டிரெய்லர் என்பதே தனி மோட்டார் வாகனம், தனிப் பதிவு வேண்டும். எத்தனை பேரிடம் இருக்கிறது? வண்டியைக் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்வதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. நாளைக்கு ஒன்று ஆனால் இன்சூரன்ஸ்காரர் டேப்போடு வந்து நிற்பார், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல மாட்டார்.

காசு மிச்சமிருந்தால் டிரெய்லருக்குப் பிரேக் போடுங்கள். வண்டி மெதுவாகும்போது டிரெய்லர் முன்னால் முட்டும் இல்லையா, அந்த முட்டலிலேயே வேலை செய்யும் ஓவர்ரன் பிரேக் இருக்கிறது. மச்சினன் டயருக்குக் கொடுத்த காசில் அதை முடித்திருக்கலாம். ஆனால் பிரேக் கண்ணுக்குத் தெரியாது. டயர் தெரியும். என் கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். பார்க்கிறவனுக்காகச் செலவு செய்கிறோம், ஓட்டுகிறவனுக்காகச் செய்வதில்லை. டயரைத் தேர்ந்தெடுத்தவன் பீன்யாவில் ஏசி அறையில் தூங்குகிறான். தொப்பூரில் ராத்திரி பதினொன்றரைக்கு அந்தப் பெடலை மிதிக்கிறவன் மாதச் சம்பளக்காரன். அவன் பிழைத்து வந்தால் "வேகமா வந்திருப்பான்", பிழைக்காவிட்டால் "தூங்கியிருப்பான்". எதுவானாலும் டயர் மேல் பழி வராது, டயர் வாங்கிக் கொடுத்தவன் மேலும் வராது.

நான் ஜெனரேட்டர் இழுக்கவில்லையே, எனக்கென்ன என்று நினைக்கிறீர்களா? நீங்கள் டிரெய்லர் இழுக்காவிட்டாலும் பொங்கலுக்கு ஏழு பேர், மாடியில் மூட்டை, ஊரிலிருந்து திரும்பும்போது இரண்டு மூட்டை அரிசி, தேங்காய், அம்மா கொடுத்த ஆட்டுக்கல் என்று ஏற்றிக்கொண்டு அதே கணவாய் வழியாகத்தான் போய் வருகிறீர்கள். அதே கணக்குத்தான். பிள்ளைகள் பின் சீட்டில்.

கணக்குப் போட்ட காகிதத்தை மறுநாள் மச்சினனிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தான்" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. பழைய அளவுக்கே திரும்பிவிட்டான், ஐந்தும் ஒரே மாதிரி. டிரெய்லரில் பிரேக் ஏறியிருக்கிறது. உதவியாளுக்குக் கை சேர்ந்துவிட்டது, மருத்துவச் செலவை மச்சினன்தான் பார்த்தான். தருமபுரிப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். போன் செய்து, தப்பு உன்னுடையது இல்லை தம்பி, கணக்கில்தான் தப்பு, அதைப் பார்த்தும் சும்மா இருந்தது நான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முன்னால வேன் இருந்துச்சு சார், அதான் தடுப்புல வச்சேன்" என்றான்.

அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும் முன் டிரைவர் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படியுங்கள். பிறகு குனிந்து டயரில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாகப் போய் வாருங்கள். இல்லையென்றால், யாராவது "எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது என்னை மாதிரி பதில் சொல்லிவிடாதீர்கள்.